பழைய பிரெஞ்சுக் கதைக்கவிதைகளில் மரமும் பறவையும்: புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு

இடைக்காலப் பிரெஞ்சுக் கவிதையை வாசிக்க உட்காருகிற எவர் கையிலும் சீக்கிரமே ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். காடு என்றால் ஆபத்து, தோட்டம் என்றால் காதல், நைட்டிங்கேல் என்றால் ஏக்கம், சிங்கம் என்றால் கிறிஸ்து. நானும் ஒரு நோட்டில் இப்படி எழுதிவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது கதைக்கே நோட்டு உதவவில்லை. ஒரு கதையில் காதலுக்குத் தூது போன அதே ஹேசல் மரம், இன்னொரு கதையில் பறவைக்குக் கண்ணி வைக்கிற மரமாக நின்றது. அதனால் இங்கே பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு கவிதையை எடுத்துக்கொண்டால் எந்த வரிசையில் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது என்பதை மட்டும் சொல்கிறேன். 1100-ஐ ஒட்டிய ரோலான் பாடலில் இருந்து 1300-களின் கவிஞர் மாஷோ வரைக்கும் உதாரணங்கள் வரும், ஆனால் பாதிக்கு மேல் 12-ஆம் நூற்றாண்டின் பின்பாதிதான், ஏனென்றால் விஷயம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

1. சின்னதில் ஆரம்பியுங்கள்

ஆர்வக்கோளாறில் நேராக ‘ரோஜாவின் கதை’யில் போய் விழாதீர்கள். அது சுமார் 21,700 அடி. கீயோம் த லொரிஸ் 1230 வாக்கில் நாலாயிரம் அடி எழுதி அப்படியே விட்டுவிட, நாற்பது ஆண்டு கழித்து ழான் த மன் என்பவர் மீதியைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அது பிற்பாடு.

முதலில் எடுக்க வேண்டியது மரி த ஃபிரான்ஸ் எழுதிய ‘லே’க்கள். 12-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், இங்கிலாந்து அரசவை வட்டாரத்துக்காகப் பிரெஞ்சில் எழுதியவர். மொத்தம் பன்னிரண்டு சிறு கதைக்கவிதைகள், அடிக்கு எட்டு அசை, இரண்டிரண்டு அடியாக இயைபு. பன்னிரண்டும் ஒன்றாக இருக்கிற ஒரே கையெழுத்துப் பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இவற்றில் ஆகச் சிறியது ‘ஷெவ்ரஃபோய்’, 118 அடிதான். ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பும் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பிரான்சில் ‘லெத்ர் கோதிக்’ என்ற பாக்கெட் வரிசை இதற்கென்றே இருக்கிறது. பிரெஞ்சே தெரியாது, ஆங்கிலத்தில்தான் படிக்கப்போகிறேன் என்றாலும் மூலம் பக்கத்தில் இருக்கட்டும். எதற்கு என்றால் அடுத்த வேலை அதில்தான்.

2. பென்சிலை எடுத்துப் பெயர்ச்சொற்களைக் கோடிடுங்கள்

முதல் வாசிப்பு கதைக்காக. இரண்டாவது வாசிப்பில் மரம், செடி, பறவை, மிருகம், நீர், வானிலை, மாதம், நாளின் பொழுது என்று வருகிற ஒவ்வொன்றையும் கோடிட்டு, பக்கத்தில் மூலத்தில் உள்ள சொல்லை எழுதுங்கள். அர்த்தம் எதுவும் எழுதக்கூடாது. கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலச் சொல் ஏன் முக்கியம் என்றால், மொழிபெயர்ப்பில் இந்தச் சொற்கள்தான் முதலில் மழுங்கிப்போகின்றன. ‘வெர்ஜியே’ என்பதைத் தோட்டம் என்று பெயர்ப்பார்கள். உண்மையில் அது பழமரங்களும் புல்தரையும் உள்ள, பெரும்பாலும் வேலியோ சுவரோ சூழ்ந்த இடம், யாரோ ஒருவருக்குச் சொந்தமானது. ‘ஃபொரெஸ்த்’ வெறும் காடு இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு சட்டச்சொல்லும் கூட, அரசன் வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்த நிலம். மரம் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. ‘லாந்த்’ என்றால் புதர்மேடு. ‘காஸ்த்’ என்ற அடைமொழி வந்தால் பாழ்பட்டது, ஆளற்றது. மரியின் சொற்களுக்கு ஆங்கிலோ நார்மன் அகராதியும், 1330-க்குப் பிந்தைய நூல்களுக்கு டி.எம்.எஃப். என்கிற நடுக்காலப் பிரெஞ்சு அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நமக்கென்று ஒரு எச்சரிக்கை. தமிழில் குறிப்பு எழுதும்போது நைட்டிங்கேலைக் குயிலாக்கிவிடாதீர்கள். நைட்டிங்கேல் இரவெல்லாம் பாடும், மரியின் ‘லாவுஸ்திக்’ கதை முழுக்க அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. குயிலைக் கொண்டுவந்து வைத்தால் கதாநாயகி ராத்திரி ஜன்னலருகே எழுந்து நிற்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். மரி அந்தக் கதையின் தொடக்கத்திலேயே பறவைக்குப் பிரெத்தோன் மொழியில், பிரெஞ்சில், ஆங்கிலத்தில் என்று மூன்று பெயர் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். அவருக்கே பெயரில் அவ்வளவு அக்கறை.

3. பொருள் தேடும் முன் பொருளைப் பாருங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

‘ஷெவ்ரஃபோய்’ கதை இவ்வளவுதான்: தன் ராணியைக் காதலித்ததற்காக மாற்க் மன்னன் துரத்திவிட்ட திரிஸ்தான் ஒரு வருஷம் கழித்துக் கார்ன்வாலுக்குத் திரும்பிக் காட்டில் ஒளிந்துகொள்கிறான். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மன்னன் தின்தாஜெலில் சபை கூட்டுகிறான், ராணியும் அந்த வழியாகத்தான் போவாள் என்று கேள்விப்படுகிறான். ஒரு ஹேசல் கொம்பை வெட்டி, நாலு பக்கமும் சீவி, கத்தியால் தன் பெயரைச் செதுக்கிப் பாதையில் வைக்கிறான். அவள் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். கொஞ்ச நேரம் சந்திக்கிறார்கள், பிரிகிறார்கள். நடுவில் அந்தப் புகழ்பெற்ற உவமை: ஹேசலைச் சுற்றிக்கொண்ட ஹனிசக்கிள் கொடி போல நாம், இரண்டும் சேர்ந்திருந்தால் நெடுநாள் வாழும், பிரித்தால் ஹேசல் சீக்கிரமே செத்துவிடும், கொடியும் அப்படியே. நான் இல்லாமல் நீயும் இல்லை, நீ இல்லாமல் நானும் இல்லை.

அழகு என்று சொல்லி அடுத்த பக்கம் புரட்டிவிடத் தோன்றும். இங்கேதான் நின்று அந்தச் செடியைப் பார்க்க வேண்டும், படத்திலாவது. ஹனிசக்கிள் ஹேசல் கொம்பை இறுக்கிச் சுற்றி, அது பருக்கப் பருக்க உள்ளே அழுந்தி, திருகாணி மாதிரி பள்ளம் விழவைத்துவிடும். இங்கிலாந்தில் அப்படித் திருகிய கொம்புகளைக் கைத்தடிக்கென்று தேடி எடுப்பவர்கள் உண்டு. கொடியை அறுத்தெடுத்தால் ஹேசல் சாகாது. சொல்லப்போனால் நிம்மதியாக வளரும்! அப்படியானால் கவிதை சொல்வது தாவரத்தைப் பற்றிய உண்மை இல்லை, காதலர்கள் தாவரத்தின் மேல் ஏற்றிச் சொல்கிற வாதம். இறுக்குவதையே உயிர்ப்பிடிப்பு என்று நம்புகிற இரண்டு பேர். இன்னொன்றையும் கவனியுங்கள். பிரித்தால் செத்துவிடும் என்ற செய்தியைச் சொல்வதற்கே அவன் ஹேசலை வெட்ட வேண்டியிருக்கிறது. பாதையில் கிடப்பது ஏற்கெனவே பிரிக்கப்பட்ட கொம்பு. குறியீட்டு அகராதியில் ‘ஹேசல்: காதல்’ என்று படித்துவிட்டுப் போயிருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து ‘ஃப்ரேன்’ கதையில் இதையே செய்து பாருங்கள். ஃப்ரேன் என்றால் ஆஷ் மரம். இரட்டைக் குழந்தை பெற்ற ஒருத்தியைப் பற்றி, அவளுக்கு இரண்டு ஆண்களோடு உறவு என்று வாய்க்கு வந்தபடி பேசிய ஒரு சீமாட்டிக்குத் தனக்கே இரட்டைப் பெண்கள் பிறந்துவிடுகின்றன. பயந்துபோய் ஒன்றை அனுப்பிவிட, பணிப்பெண் அந்தக் குழந்தையை ஒரு மடத்து வாசலில் நிற்கும் ஆஷ் மரத்தின் மேல் வைத்துவிட்டுப் போகிறாள். மரத்தின் பெயரே பெண்ணுக்கு ஆகிவிடுகிறது. வளர்ந்து ஒரு பிரபுவின் காதலியாக இருக்கும்போது, அவன் கீழுள்ளவர்கள் வாரிசு வேண்டும் என்று வற்புறுத்தி வேறு பெண் பார்க்கிறார்கள். அந்தப் பெண் பெயர் கோத்ர், அதாவது ஹேசல். ஹேசலில் கொட்டை உண்டு, இன்பம் உண்டு, ஆஷ் காய்ப்பதே இல்லை என்று அவர்கள் பேசுகிறார்கள்.

பட்டியல்காரர் இங்கே ‘ஆஷ் என்றால் மலட்டுத்தனம்’ என்று எழுதிக்கொள்வார். நீங்கள் பின்னால் போய் மரம் முதலில் வந்த இடத்தைப் படியுங்கள். அகன்று அடர்ந்த மரம், நாலு கவடாகப் பிரிந்தது, நிழலுக்காக நட்டது என்று மரி முன்பே சொல்லிவைத்திருக்கிறார். பழத்துக்காக நட்ட மரமே இல்லை அது. ஒரு குழந்தையை ஏந்திக் காப்பாற்றிய மரம். ஆக, மரத்தைப் பற்றி கவிதை ஒன்று சொல்கிறது, பாத்திரங்கள் வேறொன்று சொல்கிறார்கள், கதையின் முடிவு யார் பக்கம் நிற்கிறது என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் நோட்டில் ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள்: இதைச் சொல்வது யார்?

4. கவிதையே விளக்கம் சொல்கிறதா, வாயை மூடிக்கொள்கிறதா?

சில இடங்களில் கவிஞர் நமக்கு வேலையே வைப்பதில்லை. நாலாயிரம் அடியுள்ள ரோலான் பாடலில், ஸ்பெயினில் சாரகோசாவை ஆளும் மார்சில் மன்னன் தன் எதிரியான பிராங்குப் பேரரசன் சார்லமேனிடம் தூது அனுப்பும்போது, கையில் ஒலிவக் கிளை எடுத்துப் போங்கள், அது அமைதியையும் பணிவையும் குறிக்கும் என்று அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். ‘குறிக்கும்’ என்ற வினைச்சொல்லே அங்கே இருக்கிறது. இவ்வளவு பச்சையாகச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். அந்தத் தூதே பொய்த் தூது. கிளை அமைதியைக் குறிக்கத்தான் செய்கிறது, ஏமாற்றுவதற்கு உதவுவதும் அதே காரணத்தால்தான்.

‘லாவுஸ்திக்’ இதற்கு நேர் எதிர். சேன் மாலோ ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டு மனைவியும் அடுத்த வீட்டு வீரனும் ராத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஏன் எழுந்து போகிறாய் என்று கணவன் கேட்க, நைட்டிங்கேல் பாட்டைக் கேட்க என்கிறாள். அவன் தோட்டத்து ஹேசல், செஸ்நட் மரம் ஒன்று விடாமல் கண்ணியும் பிசினும் வைத்துப் பறவையைப் பிடித்து, அவள் கண்ணெதிரே கழுத்தை முறித்து அவள் மேல் எறிகிறான். மார்புக்குச் சற்று மேலே சட்டையில் ரத்தம் படுகிறது. அவள் அந்தச் சின்ன உடலைப் பொன்னிழை வேலைப்பாடு செய்த பட்டில் சுற்றிக் காதலனுக்கு அனுப்ப, அவன் ரத்தினம் பதித்த பொற்பேழையில் வைத்து மூடி எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகிறான்.

இங்கே யாரும் எதுவும் ‘குறிக்கும்’ என்று சொல்வதில்லை. அந்தப் பறவை காதலா, கவிதையா, ஒரு சாக்குதானா? முதலில் சாக்காக வந்தது, கணவன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு கொன்ற பிறகுதான் குறியீடாகிறது என்பது என் கட்சி. பேழையைப் பார்த்தால் புனிதர்களின் எலும்பை வைத்து வணங்கும் பேழை நினைவுக்கு வரும், அந்தக் கால வாசகருக்குக் கட்டாயம் வந்திருக்கும். மரி மௌனமாக இருக்கிற இடத்தில் நீங்களும் ஒரே விடையை முடிந்த விடையாக எழுதிவைக்க வேண்டாம், இரண்டு மூன்றாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எந்த அடி ஆதாரம் என்று பக்கத்தில் குறியுங்கள்.

5. மாதமும் பொழுதும்

இந்தக் கவிதைகளில் பாதி வசந்தத்தில்தான் தொடங்கும். மரம் துளிர்க்கும், புல் பச்சையாகும், பறவை பாடும், யாரோ காதல்வயப்படுவார்கள். இந்தத் தொடக்கத்துக்கு ‘ரெவெர்தி’ என்று பெயர், மறுபசுமை என்று சொல்லலாம். ஆர்தர் மன்னனின் சபையும் பெந்தெகொஸ்தேயை விட்டால் வேறு நாள் தெரியாதது போல அப்போதே கூடும். இது வழக்கம், அதனால் வசந்தம் வந்திருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்து எந்தப் பயனும் இல்லை. வழக்கத்தை வைத்துக் கவிஞர் என்ன விளையாட்டு காட்டுகிறார் என்று பாருங்கள்.

ஆர்தர் கதைகளை எழுதிய 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கிரெத்தியேன் த த்ருவாவின் ‘பெர்சுவால்’ இப்படித்தான் தொடங்குகிறது. பறவைகள் ‘தங்கள் லத்தீனில்’ இனிமையாகப் பாடுகின்றன, பையன் மனம் குதூகலிக்கிறது. ஆனால் அவனுக்கு அங்கே வருவது காதல் இல்லை. ஓக் மரக்கிளைகளில் இடித்துக்கொண்டு, கடகடவென்று சத்தத்தோடு கவசம் பூண்ட வீரர்கள் வருகிறார்கள். கேட்டதும் பேய் என்று நினைக்கிறான், பார்த்ததும் தேவதை என்று நினைக்கிறான். எந்த வீரத்தொழிலில் இருந்து அவனை ஒளிக்கத் தாய் ஆளற்ற காட்டில் வளர்த்தாளோ, அது வசந்தத்தோடு சேர்ந்து உள்ளே நுழைகிறது. அவளைப் பொறுத்தவரை அந்த வசந்தம் சாவு.

14-ஆம் நூற்றாண்டில் கீயோம் த மாஷோ இந்த வழக்கத்தைத் தலைகீழாகவே புரட்டினார். ‘நவார் மன்னனின் தீர்ப்பு’ 1349 நவம்பர் 9-ஆம் தேதி, குளிர்காற்றில் தொடங்குகிறது. வெளியே கொள்ளைநோய், கவிஞர் வீட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே. வசந்தத் தொடக்கங்கள் இருபதைப் படித்த பிறகு இதைப் படித்தால்தான் அந்தக் குளிர் உறைக்கும்.

இந்த இடத்தில் திணை நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். வரட்டும், ஆனால் அளவோடு. நமக்கு முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் இலக்கணமாகவே வகுத்துத் தரப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக் கவிஞர்களுக்கு அப்படி ஒரு தொல்காப்பியம் இருக்கவில்லை. பைபிள், லத்தீன் பள்ளிப்பாடம், பிரெத்தோன் கதைகள் என்று பல மூட்டைகளில் இருந்து எடுத்துக் கலந்தார்கள். ஃபொரெஸ்தைக் குறிஞ்சி என்று எழுதினால் கதை முடிந்தது.

6. இந்த இடம் யாருடையது?

காடு, தோட்டம், ஊற்று எது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பள்ளிக்கூடக் குறிப்புகளில் பெரும்பாலும் இதைக் காணோம்.

கிரெத்தியேனின் ‘இவேன்’ கதையில் புரோசெலியாந்த் காட்டுக்குள் ஒரு ஊற்று. சலவைக்கல்லைவிடக் குளிர்ந்தது, ஆனாலும் கொதிக்கிறது. மேலே ஒரு பைன் மரம், சங்கிலியில் ஒரு பாத்திரம், பக்கத்தில் ஒரு கல். பாத்திரத்தில் நீர் மொண்டு கல்லில் ஊற்றினால் வானம் பிளந்துகொண்டு புயல் அடிக்கும், மரங்கள் முறியும். அடங்கியதும் பைன் மரத்தில் இலையே தெரியாத அளவுக்குப் பறவைகள் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகத்தில், ஆனால் ஒத்திசைவாகப் பாடும். மாயம், ஞானஸ்நானம், சொர்க்கம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். எல்லாம் இருக்கட்டும். புயல் முடிந்ததும் ஓடிவருகிற வீரன் என்ன சொல்கிறான்? அறைகூவல் விடாமல் என்னைத் தாக்கிவிட்டாய், என் காட்டையும் கோட்டையையும் நாசமாக்கிவிட்டாய் என்று நிலச்சொந்தக்காரன் குரலில் சண்டைக்கு வருகிறான். நீர் ஊற்றுவது அந்த ஊர்ச் சட்டப்படி படையெடுப்பு! அவனை இவேன் கொன்ற பிறகு, விதவை லோதீன் அழுத கண் காயும் முன்னே கொன்றவனையே மணக்கிறாள், ஏனென்றால் ஊற்றைக் காக்க ஆள் வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால், கதை முடிவில் கோபித்துக்கொண்ட மனைவியைச் சமாதானப்படுத்த இவேன் மறுபடி அதே கல்லில் நீர் ஊற்றுவது எவ்வளவு சாதுரியமான மிரட்டல் என்பதும் தெரியும்.

இந்த ஊற்று நிஜத்தில் உண்டா என்று கேட்பவர்களுக்கு: பிரெத்தான்யில் பைம்போன் காட்டில் உள்ள பாரந்தோன் ஊற்றைக் காட்டுவார்கள். கிரெத்தியேனுக்குக் கொஞ்சம் முன்னால் வாஸ் என்ற கவிஞர் புரோசெலியாந்துக்கு அதிசயம் பார்க்கவே கிளம்பிப் போய், ஒன்றும் காணாமல் திரும்பி வந்து, முட்டாளாகப் போனேன், முட்டாளாகவே வந்தேன் என்று தன் கவிதையிலேயே எழுதிவைத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பெரூல் எழுதிய ‘திரிஸ்தான்’ கதையில் மொருவா காடு யாருடையது? மாற்க் மன்னனுடைய நாட்டுக்குள்தான். ஓடிப்போன காதலர்கள் அங்கே ரொட்டி இல்லாமல், மான்கறியை மட்டும் தின்று, இடம் மாற்றி மாற்றிப் படுத்து வாழ்கிறார்கள். கடுமையான வாழ்க்கை என்று பெரூல் திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஆனால் சேர்ந்திருப்பதால் வலி தெரியவில்லை என்றும் சொல்கிறார். ஒரு கோடைப்பகலில் இலைக்குடிலில் நடுவே வாளோடு தூங்குகிறவர்களை மன்னன் கண்டுபிடித்துவிடுகிறான். கொல்லத்தான் வந்தான். இலை இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று ராணி இசோல்தின் முகத்தில் விழுவதைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையை எடுத்து அந்தச் சந்தை அடைக்கிறான். அவள் மோதிரத்தையும் அவன் வாளையும் எடுத்துக்கொண்டு தன்னுடையதை வைத்துவிட்டுப் போகிறான். வெயிலை மறைப்பது கருணை, சந்தேகமில்லை. ஆனால் கையுறையும் மோதிரமும் வாளும் அந்தக் காலத்தில் உரிமை மாற்றும் சடங்குப் பொருள்கள். இந்த நிலமும் என்னுடையது, இந்தப் பெண்ணும் என்னுடையவள், இவனும் என் ஆள் என்று மூன்று பொருளை வைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். காடு சுதந்திரவெளி என்று எழுதியிருந்தால் இங்கே அழித்துத் திருத்துங்கள்.

தோட்டங்களில் சுவரைப் பாருங்கள். கிரெத்தியேனின் ‘எரெக்’ கதையில் ஒரு வெர்ஜியேக்குச் சுவர் காற்றால் ஆனது. ஆண்டு முழுக்கப் பூவும் பழமும் உண்டு, பழத்தை உள்ளே இருந்து தின்னலாம், வெளியே கொண்டுபோக முடியாது. ‘ரோஜாவின் கதை’யில் சுவரின் வெளிப்பக்கம் வெறுப்பு, பேராசை, பொறாமை, முதுமை, வறுமை என்று பத்து உருவங்கள் வரைந்திருக்கின்றன, அதாவது உள்ளே விடப்படாதவர்கள் பட்டியல். முதுமையும் வறுமையும் எப்போது பாவமாயின என்று கேளுங்கள், அந்தத் தோட்டத்தின் அரசியல் பிடிபடும். கதவைத் திறப்பவள் பெயர் ‘ஓய்வு’. வேலைவெட்டி உள்ளவருக்கு உள்ளே என்ன வேலை? உள்ளே கிராம்பு, இலவங்கப்பட்டை, அதிமதுரம், சோம்பு எல்லாம் வளர்கின்றன, சாப்பாட்டுக்குப் பின் வாயில் போட நல்லவையாம். பிரான்சு மண்ணில் கிராம்பும் பட்டையும் எங்கே வளர்ந்தன? கப்பலேறி, பல கை மாறி, பொன்விலைக்கு வந்த கீழைக்கடல் சரக்கு அது. அந்தத் தோட்டம் பணக்காரச் சாப்பாட்டு மேசையைப் பார்த்து வரைந்த சொர்க்கம். இந்நூலின் சித்திரப் பிரதிகள் பலவற்றைப் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், சுவரையும் சுவரோவியங்களையும் அதில் தேடுங்கள்.

பின்பாதியில் ழான் த மன் இயற்கையையே ஒரு பெண்ணாக்கி உலைக்களத்தில் உட்காரவைத்து, சாவு அழிக்க அழிக்க உயிர்களைச் சளைக்காமல் அடித்து வார்க்கச் செய்கிறார். காதலிக்கு உருவகமான ரோஜாவைப் பறிப்பது அங்கே எந்த நாகரிகமும் இல்லாமல் முடியும். 1401 வாக்கில் கிறிஸ்தீன் த பிசான் என்ற பெண் எழுத்தாளர் இதை எதிர்த்து எழுதி ஒரு பெரிய விவாதமே நடந்தது. பூவைக் குறியீடாக்கினால் பறிபடுவது யார் என்பது அன்றைக்கே கேட்கப்பட்ட கேள்வி.

7. மிருகங்கள் வந்தால் மட்டும் வெளிப்புத்தகம்

மிருகங்களுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு பட்டியல் இருந்தது, ‘பெஸ்தியேர்’ என்பார்கள். பிரெஞ்சில் ஆகப் பழையது ஃபிலிப் த தாவோன் 12-ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் செய்யுளில் எழுதியது. சிங்கம் வாலால் தன் தடத்தை அழிக்கும், கண் திறந்தபடி தூங்கும், செத்துப் பிறக்கும் குட்டியை மூன்றாம் நாள் எழுப்பும், ஆகவே கிறிஸ்து. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதான், கடைசியாகப் பார்த்தால் போதும். ஏனென்றால் இவேன் காப்பாற்றுகிற சிங்கத்தின் வாலைப் பாம்பு கவ்விக்கொண்டிருக்க, வாலில் ஒரு துண்டை அவனே வெட்ட வேண்டியதாகிறது! பிற்பாடு அந்தச் சிங்கம் எசமான் செத்துவிட்டான் என்று நினைத்து வாளில் பாய்ந்து சாகப் பார்க்கிறது. இது கிறிஸ்துவா, விசுவாசமான வீரனா, கொஞ்சம் கேலியா? மூன்றும் கலந்த சிங்கம். ‘ரெனார்’ நரிக் கதைகளுக்குப் போனால் பெஸ்தியேரை மூடியே வைத்துவிடுங்கள், அங்கே சிங்கம் ராஜா, ஓநாய் ஏமாளி, எல்லாம் கோர்ட்டு வழக்கு.

8. நீங்களே செய்து பார்க்க ஒரு இடம்

‘பெர்சுவால்’ கதையில் வெண்பனி மூடிய புல்வெளி. ஒரு வல்லூறு காட்டு வாத்தை அடிக்கிறது, கழுத்தில் காயம், மூன்று துளி ரத்தம் பனியில் விழுகிறது, வாத்து எழுந்து பறந்துவிடுகிறது. வெண்மையில் படிந்த அந்தச் சிவப்பு தன் காதலியின் முகத்தை நினைவூட்ட, பெர்சுவால் ஈட்டியில் சாய்ந்தபடி குதிரை மேல் அப்படியே உறைந்துபோகிறான். பக்கத்தில் முகாமிட்டிருக்கும் ஆர்தர் மன்னனின் சபைக்கு அவனை அழைத்துப்போக, ஆர்தரின் வீரர்களில் முதலில் சாகிரமோர் வந்து விழுந்து போகிறான், கே வந்து கையை முறித்துக்கொண்டு போகிறான். மூன்றாவதாக வரும் கோவேன் பணிவாகப் பேச, பெர்சுவால் இணங்கி வருகிறான்.

இரண்டு முதல் ஏழு வரையுள்ள படிகளை இதற்குப் போடுங்கள். வாத்தை அடித்தது எது, வாத்து என்ன ஆயிற்று, ரத்தத்தை முகமாகப் பார்ப்பது யார், கவிஞர் விளக்குகிறாரா, இது யார் முகாமுக்குப் பக்கத்து நிலம். கோவேனின் நயமான பேச்சுதான் வென்றது என்று எழுதத் தோன்றும்போது, அவன் வந்து சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள அடிகளை இன்னொரு தடவை படியுங்கள்: வெயில் ஏறி இரண்டு துளிகள் ஏற்கெனவே கரைந்துவிட்டன, மூன்றாவது கரைந்துகொண்டிருக்கிறது.